54 வயதில் எளிய அலங்காரம்: முதலில் எதை நிறுத்துவது?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன். வயது 54. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. கன்னத்தில் மங்கு விழுந்ததால், தெரிந்த அழகு நிலையத்தில் கொடுத்த வெள்ளை டப்பா கிரீமை இரண்டு வருடமாக இரவில் தடவுகிறார். டப்பாவில் பெயரோ விலாசமோ எதுவும் இல்லை. முதல் மாதமே முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. இப்போதோ மத்தியானம் வெயிலில் தலைகாட்டினால் முகம் எரிகிறது, தாடையோரம் பூனைமுடி வளர்கிறது, கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு தெரிகிறது. நான்கு நாள் தடவாமல் விட்டால் அரிப்பும் பருவும் கிளம்புகின்றன. ஆகவே அது தனக்கு ஒத்துக்கொண்ட கிரீம், விட்டால்தான் கெடுதல் என்று நினைக்கிறார்.

நரைக்கு 'ஹெர்பல்' என்று அச்சிட்ட கறுப்பு மருதாணிப் பொடி போடுகிறார். கடைசி இரண்டு முறையும் காதோரம் நீர் வடிந்து, இமை வீங்கியிருக்கிறது. பின்கழுத்தில் படிந்த கறுப்பு பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஜிமிக்கி போட்டுப் போட்டுக் காது ஓட்டை கீறல் போல நீண்டுவிட்டது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். “இதையெல்லாம் விட்டுட்டு இயற்கையா, எளிமையா ஏதாவது சொல்லுங்க டாக்டர். பொண்ணுக்கு அம்மான்னு தெரியணும், பாட்டின்னு நெனச்சிரக் கூடாது. இந்த வயசுல இது ஒரு கவலையான்னு எங்க வீட்டுக்காரரு சிரிக்கிறாரு” என்று முடித்திருக்கிறார்.

டீச்சர், முகம் எரிவதும் இமை வீங்குவதும் அழகுக் கவலை இல்லை. இரண்டும் நோய். வீட்டுக்காரரிடம் அப்படியே சொல்லுங்கள், சிரிப்பை நிறுத்திவிடுவார். எளிமையாக ஏதாவது கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் புதிதாகப் பூச வேண்டியது மிகக் கொஞ்சம், நிறுத்த வேண்டியதுதான் நிறைய. அதையும் ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது. கல்யாணத்துக்கு ஐந்து மாதம்கூட இல்லை என்பதால் எதை முதலில் செய்வது என்ற வரிசைதான் இங்கே முக்கியம்.

அந்த வெள்ளை டப்பா

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் அத்தனையும் ஸ்டீராய்டு கலந்த பூச்சை முகத்தில் மாதக்கணக்கில் தடவியவர்களுக்கு வருபவை. ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அடக்கும், நிறமி உற்பத்தியையும் குறைக்கும். முதல் மாதப் பளபளப்பு அதனால் வந்தது. தொடர்ந்து தடவத் தடவத் தோல் மெலிகிறது, குழாய்கள் நிரந்தரமாக விரிந்து வெளியே தெரிகின்றன, முடி முளைக்கிறது, வெயில் தாங்குவதில்லை. நிறுத்தினால் அதுவரை சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிவதால் எரிச்சலும் சிவப்பும் பருவும் கிளம்புகின்றன. அதைப் பார்த்துத்தான் 'விட்டால் கெடுதல்' என்று தோன்றுகிறது. நடப்பது ஒத்துக்கொள்வதல்ல, தோல் அதற்கு அடிமையாவது. அடியில் இருந்த மங்கும் எங்கேயும் போய்விடவில்லை. பல பேருக்கு முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வரும்.

லேபிள் இல்லாத டப்பாவில் இன்னொரு பயமும் உண்டு, பாதரசம். நிறம் வெளுக்க வைக்கும் சில கள்ளக் கிரீம்களில் அதைச் சேர்க்கிறார்கள். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது செய்தியானது. கிரீம் சாம்பல் பூத்தாற்போல இருந்தாலோ, கொடுத்தவர் “தங்கம், வெள்ளி நகை மேல படாம பாத்துக்கங்க” என்று சொல்லியிருந்தாலோ சந்தேகப்படலாம். காலில் வீக்கம், சிறுநீரில் நுரை இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லாவிட்டாலும் ஒருமுறை சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்கிற சின்னப் பரிசோதனைதான். இரண்டு வருடத்தில் இமை மேலும் பூசியிருந்தால் கண் மருத்துவரிடம் கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்று இரவே டப்பாவை வீசிவிடாதீர்கள். பாதரசம் இருப்பது தெரிந்தால் அந்த நிமிடமே நிறுத்தியாக வேண்டும். ஸ்டீராய்டு மட்டும் என்றால் தோல் மருத்துவர் படிப்படியாக இறக்குவார். வீரியம் குறைந்த பூச்சுக்கு மாற்றுவது, ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் இருமுறை என்று குறைப்பது, கூடவே டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பு, பரு அதிகமானால் சில வாரம் மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. எது உங்களுக்கு என்பது நேரில் பார்த்தால்தான் தெரியும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள், டப்பாவையும் எடுத்துப் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் முகம் இப்போதைவிட மோசமாகத் தெரியும். அந்தச் சமயத்தில் பயந்துபோய்த் திரும்பவும் டப்பாவைத் திறப்பவர்களே அதிகம். தோல் ஓரளவு தேற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆவணியில் தொடங்கினால் தைக்குத் தேறிய முகம் இருக்கும். கார்த்திகையில் தொடங்கினால் கல்யாண மேடையில் சிவந்த முகத்தோடு நிற்க வேண்டியிருக்கும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2018 முதல் ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அழகுசாதனம் எதுவானாலும் தயாரித்தவர் பெயர், விலாசம், உரிம எண், காலாவதித் தேதி, சேர்மானங்கள் லேபிளில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். கொடுத்தவர் தெரிந்த பெண் என்பதால் சங்கடமாக இருக்கலாம். அவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. முதலில் அவரிடம் சொல்லுங்கள். விற்பதை நிறுத்தவில்லை என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மதுரை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம். பாதி டப்பாவைப் பத்திரமாக வைத்திருப்பது அதற்கும் உதவும்.

இந்த ஐந்து மாதத்தில் பேஷியல், பிளீச், பீல் (ரசாயனம் பூசித் தோல் உரிப்பது) எதுவும் வேண்டாம். பிளீச்சில் இருக்கும் அமோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் மெலிந்த தோலைப் பொசுக்கிவிடும். கல்யாணத்துக்கு முன் 'குளுட்டாதயோன் ஊசி' போட்டால் நிறம் ஏறும் என்று யாராவது சொல்வார்கள். நிறம் வெளுக்க அந்த ஊசிக்கு இந்தியாவில் அனுமதி கிடையாது.

காலையில் மூன்று, இரவில் இரண்டு

மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது, எண்ணெய்ச் சுரப்பும் அடங்குகிறது. நாற்பதில் ஒத்துக்கொண்ட சோப்பு இப்போது வறட்டுவது அதனால்தான். சாதாரண சோப்பு எல்லாமே காரத்தன்மை உள்ளது. உங்கள் பக்கத்து போர்வெல் உப்புத் தண்ணீரோடு சேர்ந்தால் பிசுபிசுவென்று ஒரு படலம் தோலில் தங்கிவிடும். 'சிண்டெட் பார்' என்று மருந்துக் கடையில் கேட்டால் நுரை குறைந்த, காரம் இல்லாத கட்டி கிடைக்கும். முகத்துக்கு அது போதும். கடைசியாக ஒரு சொம்பு குடிதண்ணீரால் முகத்தை அலசிவிடுங்கள்.

காலையில் வெறும் தண்ணீரில் முகம் கழுவுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் அரை டீஸ்பூன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். கிளிசரினோ செராமைடோ இருக்க வேண்டும், வாசனை இருக்கக் கூடாது. பத்து நிமிடம் கழித்து சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. பட்டாணி அளவு தொட்டு வைத்தால் சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எப். (வெயில் காப்பு) எண்ணில் கால்வாசிப் பலன்கூடக் கிடைக்காது. எஸ்.பி.எப். 30-க்குக் குறையாமல், துத்தநாக ஆக்சைடு உள்ளதாக, முடிந்தால் நிறம் கலந்ததாக வாங்குங்கள். நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடுதான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். மாநிறத்தவர்களின் மங்கைக் கறுக்க வைப்பதில் அந்த வெளிச்சத்துக்கும் பங்குண்டு. சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. மத்தியானம் வெளியே போவதற்கு முன் இன்னொரு முறை தடவ வேண்டும். 'கறுப்பா இருக்கவங்களுக்கு இது எதுக்கு' என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், மங்கு அதிகம் வருவதே நம் நிறத்தவர்களுக்குத்தான் என்று சொல்லுங்கள். குடையையும் விடாதீர்கள். மதுரை வெயிலுக்குக் குடைக்கு நிகரான அழகுசாதனம் எந்தக் கடையிலும் இல்லை.

இரவில் சிண்டெட் பாரால் கழுவி, மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான். சிவப்பு அடங்கிய பிறகு மங்குக்கு அசெலாயிக் ஆசிட் மாதிரி மென்மையான பூச்சை மருத்துவர் சேர்ப்பார். சுருக்கத்துக்கு என்று எல்லோரும் சொல்லும் ரெட்டினால் வகையறா இப்போதைக்கு உங்களுக்கு எரிச்சலைத்தான் தரும், கல்யாணம் முடிந்து பார்க்கலாம். மங்குக்கு டிரானெக்சமிக் ஆசிட் மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் அது ஆபத்து. சீட்டில்லாமல் தொடாதீர்கள்.

கஸ்தூரி மஞ்சள், கடலைமாவு, எலுமிச்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் கருந்திட்டு விழும். கடலைமாவைத் தேய்த்தால் மெலிந்த தோல் உரசும். மஞ்சள் பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு ஒவ்வாமை தரும். இயற்கை என்ற காரணத்துக்காக முகத்துக்கு எதுவும் தேவைப்படுவதில்லை. நல்லெண்ணெய்க் குளியல் தாராளமாகச் செய்யுங்கள், பரு அடங்கும் வரை முகத்தில் மட்டும் எண்ணெய் வேண்டாம். கை காலுக்குக் குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் போதும். பித்தவெடிப்புக்குப் பத்து நிமிடம் வெந்நீரில் காலை ஊறவைத்துத் துடைத்து, யூரியா கலந்த களிம்பு தடவி, பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள்.

தலைமுடி

பச்சை மருதாணியின் நிறம் செம்மஞ்சள். அது தலையில் ஏற மணிக்கணக்காகும். பத்து இருபது நிமிடத்தில் கறுக்கும் மருதாணி உலகத்தில் எங்கும் கிடையாது. கறுத்தால் உள்ளே பாரா பினைலின் டை அமின் என்ற சாய ரசாயனம், சுருக்கமாக பி.பி.டி., இருக்கிறது என்று அர்த்தம். 'ஹெர்பல்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. பத்து வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பதினோராவது வருடம் ஒவ்வாமை வருவது சர்வ சாதாரணம். ஒருமுறை வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது, ஒவ்வொரு முறையும் கூடும். இமை வீங்கும் கட்டத்தை எட்டிவிட்டீர்கள். இனி அந்தப் பொடி மட்டுமல்ல, பி.பி.டி. உள்ள எந்தச் சாயமும் வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டு ஒருமுறை மட்டும் போடலாமா என்று கேட்காதீர்கள். அடுத்த முறை மூச்சுத் திணறல், முகம் முழுக்க வீக்கம் என்று வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். மகளின் மெகந்தி நிகழ்ச்சியில் கறுப்பு கோனைக் கையில் வாங்காதீர்கள், மகளுக்கும் வேண்டாம். அதிலும் இதே சரக்குதான் இருக்கும், கையில் வரைந்த கோலத்தின் மேலேயே கொப்புளம் எழும்பும்.

உங்களுக்கு முன் இருப்பது இரண்டு வழி. ஒன்று நரையை அப்படியே விடுவது. முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும், தைக்குள் ஐந்தாறு சென்டிமீட்டர் நரை வந்துவிடும். கறுப்பும் வெள்ளையும் சேரும் கோடுதான் கண்ணை உறுத்தும். நேர் வகிடு எடுக்காமல் பின்னோக்கிச் சீவிக் கொண்டை போட்டால் அந்தக் கோடு பெரும்பாலும் மறைந்துவிடும், மீதியை நான்கு முழம் மதுரை மல்லி பார்த்துக்கொள்ளும். என் சாய்வு இதன் பக்கம்தான்.

மனசு ஒப்பவில்லை என்றால் இரண்டாவது வழி, கலப்பில்லாத மருதாணியும் அவுரியும் (நீலச் சாயம் தரும் செடியின் இலைப் பொடி). தலைப்புண் முழுக்க ஆறி ஒரு மாதம் ஆன பிறகே தொடங்க வேண்டும். முதலில் இரண்டு பொடியையும் தனித்தனியாகக் குழைத்து முழங்கை மடிப்பில் காசளவு பூசிக் கழுவிவிட்டு, 48 மணி நேரம் கழித்தும் நான்காம் நாளும் பாருங்கள். சிவந்தால் விட்டுவிடுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் தொடங்கலாம். வேர்ப்பகுதிக்கு மட்டும் என்றால் ஒவ்வொன்றிலும் 50 கிராம் போதும். மருதாணிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து ஏழெட்டு மணி நேரம் வையுங்கள். எண்ணெய் இல்லாத தலையில் பூசி இரண்டு மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் அலசுங்கள். அதன் பிறகு அவுரி. அதை ஊறவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பதினைந்து நிமிடத்தில் மேற்பரப்பு நீலம் பாரித்ததும் உடனே பூசிவிட வேண்டும், தாமதித்தால் சாயம் செத்துவிடும். எலுமிச்சையோ தயிரோ அவுரியில் சேர்த்தால் நிறம் பிடிக்காது. ஒன்றரை மணி நேரம் கழித்து அலசினால் முடி பச்சை அடிக்கும். பயப்பட வேண்டாம், காற்றுப் பட்டு இரண்டு நாளில் கறுக்கும். அதுவரை ஷாம்புவோ சீயக்காயோ கூடாது. பலருக்கு நிறம் நிற்காமல் போவதற்குக் காரணம் முதல் நாள் வைத்த எண்ணெய் அல்லது மறுநாளே போட்ட சீயக்காய். கடையில் கட்டிவைத்த 'அவுரிப் பொடி'யிலும் கலப்படம் உண்டு என்பதால் அந்த நான்கு நாள் சோதனையைப் புதுப் பொட்டலம் பிரிக்கும்போதெல்லாம் செய்யுங்கள்.

கழுத்து, இடுப்பு, காது

பின்கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை. தொட்டால் வெல்வெட் மாதிரி தடித்து, பக்கத்தில் சின்னச் சின்ன மருக்களும் இருந்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம். நாரைப் போட்டுத் தேய்த்தால் இன்னும் தடிக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். முடி அதிகமாகக் கொட்டினால் தைராய்டையும் ஹீமோகுளோபினையும் சேர்த்தே பாருங்கள். எடை குறையக் குறையக் கழுத்தும் வெளுக்கும். மருவை முடியால் கட்டி அறுப்பது நம் பக்கத்தில் பழக்கம், சர்க்கரை இருந்தால் அது புண்ணாகிச் சீழ் வைக்கும்.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி இடுப்பைச் சுற்றிக் கறுத்த வரி விழுந்திருக்கிறதா பாருங்கள். அந்த இடத்தில் ஆறாத புண் வருடக்கணக்கில் இருந்தால் அரிதாகப் புற்றுநோயாக மாறுகிறது. அகலமான பட்டை வைத்துத் தைத்த பாவாடைக்கு மாறுங்கள். புடவை கனத்தைத் தாங்கத்தானே இறுக்குகிறோம். நாள் முழுக்கக் கட்ட சுங்குடி மாதிரி எடை குறைந்த பருத்தி இருந்தால் நாடாவைத் தளர்த்திக் கட்டலாம், வேர்வையும் தங்காது. முகூர்த்தப் பட்டுப் புடவையை முகூர்த்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காது ஓட்டை கீறலாக நீண்டிருந்தாலும் அறுந்துபோயிருந்தாலும் மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் தைத்துவிடலாம், தையல் ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். மறுபடி குத்த இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், அதுவும் பழைய தழும்பின் மேல் குத்தாமல் சற்றுத் தள்ளி. ஆகவே தைக்கு ஜிமிக்கி போட ஆசையென்றால் புரட்டாசிக்குள் தைத்துவிடுங்கள். இல்லையென்றால் கல்யாணம் முடிந்து தைத்துக்கொண்டு, அன்றைக்கு எடை குறைந்த தோட்டை மாட்டலோடு போடுங்கள். மாட்டல் பாதிப் பாரத்தை முடிக்குக் கொடுத்துவிடும். கவரிங் போட்டால் காது நமைக்கிறதா? அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. தங்கமோ டைட்டானியமோதான் உங்களுக்கு ஆகும்.

மேக்கப் போட ஆள் வருவார் என்றால் மார்கழி முதல் வாரத்திலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். அவர் பெட்டியில் இருப்பதைக் காதுக்குப் பின்னால் முந்தைய நாளே தடவிச் சோதியுங்கள். பவுண்டேஷன் நிறத்தைக் கழுத்தோடு ஒப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள், கையோடு ஒப்பிட வேண்டாம். ஒரு படி வெளுப்பாக எடுத்தால் புகைப்படத்தில் முகம் சாம்பலாகத் தெரியும். பவுடரை மூக்கு, நெற்றியோடு நிறுத்தச் சொல்லுங்கள், கண்ணடியில் போட்டால் இல்லாத சுருக்கமும் தெரியும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் நமைச்சலோ வெளிறிய வட்டமோ இருந்தால் பசையில் உள்ள ரசாயனம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை அல்லது நிறமியைக் கெடுக்கிறது என்று பொருள். அன்று மட்டுமல்ல, இனி எப்போதுமே ஸ்டிக்கரை விட்டுவிட்டுக் கண்மை மாதிரிக் குச்சியால் பொட்டு வரையச் சொல்லுங்கள்.